கொதிக்குப் பயந்து கொடுத்த மாத்திரை

அத்தை பேறுகாலத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது எங்கள் பஞ்சியும் சினையாக இருந்தது. பஞ்சி வெள்ளைச் சடை நாய், மடியில் அடங்குகிற அளவு. அத்தை அப்பாவின் ஒரே தங்கை; அம்மா அவளுக்கு மைனி. பெற்றவர்கள் போய்விட்டதால் பேறு பார்க்கிற பொறுப்பு முழுக்க அம்மாவின் தலையில் விழுந்தது.

அத்தை எதை வாயில் வைத்தாலும் பஞ்சி எதிரே வந்து உட்கார்ந்து பார்க்கும். வாயும் வயிறுமாக இருக்கிற ஒரு ஜீவன் ஆசையோடு பார்த்ததைக் கொடுக்காமல் தின்றால் கொதி விழும், தின்றவள் வயிறு கெடும் என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நாயின் கண்ணுக்கும் அந்தச் சக்தி உண்டா என்று யாரும் யோசிக்கவில்லை. ஆகவே புட்டில் ஒரு பங்கு, ஏத்த வாழைக்காய் வறுவலில் ஒரு பங்கு. அத்தை விழுங்கும் கால்சியம் மாத்திரையையும் அது வெறிக்கத் தொடங்கியதும், அம்மா தினமும் அதிலும் ஒன்றைப் பொடித்துச் சோற்றில் பிசைந்து வைத்தாள்.

"நாயிக்கு என்னத்துக்கு மாத்திரை?" என்றார் அப்பா.

"கொதி விழுந்தா நீங்களா வந்து பேறு பாப்பிய? சும்மா கெடங்க."

அப்பா சும்மா கிடந்தார்.

பஞ்சி நல்லபடியாகக் குட்டி போட்டது. பெற்று முடித்தவளுக்குக் கொதி கிடையாது என்று அம்மா மாத்திரையை நிறுத்தினாள். குட்டிகள் பால் குடித்துக் கொழுகொழுவென்று ஆயின. அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மாத்திரையின் மகிமையைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் மத்தியானம் பஞ்சி குட்டிகளை உதறிவிட்டு எழுந்தது. கால்கள் விறைத்தன. மூச்சு இரைத்தது. முற்றத்தில் சரிந்து வெட்டி வெட்டி இழுத்தது. தொட்டால் சுட்டது. அத்தை வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மைனி, நான் தின்னதத்தானே அதும் தின்னுச்சு?"

அம்மா நாயைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். நானும் தொற்றிக்கொண்டேன். இரணியல் நெரிசலில் ஆட்டோ நின்றபோது பஞ்சியின் வாயில் நுரை தள்ளியது. அம்மா மண்டைக்காட்டு அம்மைக்கு மண்டையப்பம் படைப்பதாக நேர்ந்துகொண்டாள். எனக்கோ பஞ்சியைவிட அத்தையை நினைத்துத்தான் பயம். அவளும் நாளைக்கு இப்படித் துடிப்பாளோ?

கால்நடை ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டபடியே ஊசி மருந்தை மெல்ல மெல்ல ஏற்றினாள். நடுக்கம் மெதுவாக அடங்கியது. பஞ்சி தலையைத் தூக்கியது. அது என்ன மருந்து என்று அம்மா கேட்டாள்.

"கால்சியம்."

அம்மா திருதிருவென விழித்து, நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"அதுதான் வினை. சினை நாயிக்கு வெளிய இருந்து கால்சியம் குடுத்தா, சொந்த எலும்புல இருந்து எடுக்க அதுக்க உடம்பு மறந்து போவும். குட்டி பால் இழுக்கும்போ ரத்தத்துல தட்டுப்பாடு வந்திரும். சினைக்கு நல்ல சாப்பாடு போரும். வேற எதுன்னாலும் எங்கிட்ட கேக்காம குடுக்காதிய. குட்டிகளுக்கு இப்போ பாட்டில் பால் குடுங்க."

"அப்போ எனக்க நாத்துனாவுக்கு?"

"அது மனுஷி உடம்பு, வேற கணக்கு. அவிய டாக்டர் சொன்னத நிறுத்தாண்டாம்."

வீட்டில் இதையெல்லாம் சொல்லியும் அத்தை கேட்கவில்லை. "எனக்குப் பயமா இருக்கு மைனி. அந்த மாத்திரை எனக்கு வேண்டாம்" என்று விசும்பினாள். அம்மா அட்டையிலிருந்து ஒன்றைப் பிரித்துத் தன் வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, வாயைத் திறந்து காட்டினாள். "இனி ரெண்டு பேரும் சேந்து திம்போம் மக்கா."

அத்தை பிள்ளை பெறும்வரை தினமும் அப்படியே நடந்தது.

அம்மாவுக்கும் வயிற்றில் பிள்ளை என்று முடிவுகட்டி, தம்பிக்குப் பெயர் யோசித்துக்கொண்டு திரிந்தேன். அத்தை தன் பெண்குழந்தையோடு ஊருக்குப் போனதும் அம்மா மாத்திரையை நிறுத்திவிட்டாள். தம்பி எங்கே என்று கேட்டு அடி வாங்கினேன். அத்தைக்கு ஏதாவது ஆகியிருந்தால், "வாழ வந்தவ என்னத்தைக் குடுத்தாளோ" என்றுதான் ஊர் கேட்டிருக்கும். அது எனக்கு விளங்க, நானும் ஒரு வீட்டுக்கு மைனியாகப் போக வேண்டியிருந்தது.