தண்ணீர்க் குடத்தடியில் பிரேக் ஒயில்

முரசுமோட்டையில் வயல் செய்த அத்தானுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. மலைநாட்டில் வளைவுத் தெருவில் நடக்கும் கார்ப் போட்டியில் தன் பழைய கறுப்புக் காரை ஓட்ட வேண்டும். அக்கா போட்ட நிபந்தனையும் ஒன்றுதான்: பிரேக் கைவிடக் கூடாது.

அது அறுபதுகளின் தொடக்கம். எங்கள் வன்னியில் மலை கிடையாது. ஆகவே கிளிநொச்சியிலிருந்து மாங்குளம் போகும் நேர்த்தெருவில், மதகுக்கு மதகு வேகமெடுத்து நிறுத்திப் பார்த்தோம். பக்கத்தில் இருந்து நான் எண்ணினேன். ஏழாவது தடவை பிரேக் மிதி தரைவரை போய்விட்டது. கார் மதகைத் தாண்டி, ஒரு மாட்டு வண்டிக்குப் பின்னால் கைப்பிரேக்கில் நின்றது.

வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். "தம்பி, என்ரை மாடு இதைவிட நல்லா நிக்கும்."

அரைமணி நேரம் நிழலில் விட்டதும் மிதி பழையபடி இறுகியது. பிரேக் சூடாகி, குழாய்க்குள் ஒயில் கொதித்திருக்கிறது. ஆவி கலந்தால் மிதி பஞ்சுதான்.

அத்தான் காரின் நாலு சில்லு மூடிகளையும் கழற்றினார். பிஸ்கற் தகரத்தை வெட்டி வளைத்து, காற்று பிரேக்கில் படும்படி பூட்டினார். ஒயிலையும் மாற்றினார். மறுநாள் ஐந்தாவது தடவையிலேயே மிதி விழுந்தது.

"புது ஒயில்தானே, அத்தான்?"

"புதுசுதான் மச்சான். திறந்து பாத்த நாள் துவக்கம் குளிரிலைதான் வைச்சிருக்கிறன்."

குசினி மூலையில், தண்ணீர்க் குடம் இருந்த ஈரமணலில் அந்த ஒயில் தகரம் பாதி புதைந்திருந்தது. மூடி சரியாகப் பொருந்தவில்லை. வெயிலில் கெடக்கூடிய எதையும் எங்கள் வீட்டில் அங்கேதான் வைப்பது.

அக்கா தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை. "அந்த மூலையிலை உப்புப் போத்தலே கசியுது. உங்கடை ஒயில் மட்டும் காய்ஞ்சு கிடக்குமோ?"

பிரேக் ஒயில் ஈரத்தை இழுக்கும். ஈரம் சேர்ந்தால் சீக்கிரமே கொதிக்கும். அத்தான் தகரத்தை மணலிலிருந்து பிடுங்கி வெளியே கொண்டுபோனார்.

சீல் உடைக்காத தகரம் ஒன்று கிளிநொச்சியில் வாங்கி ஒயிலை மாற்றினோம். இந்தத் தடவை முன் இருக்கையில் அக்கா, நான் பின்னால். பதினைந்தாவது மதகிலும் மிதி கல்லாக நின்றது.

"இன்னொருக்கா," என்றார் அக்கா.

நின்றது.

"சரி, போட்டிக்குப் போங்கோ. நானும் வாறன். எண்ண ஆள் வேணுமெல்லே."

"பந்தயக் காரிலை பக்கத்திலை ஆள் ஏத்த விடமாட்டினம், இஞ்சேர்," என்றார் அத்தான்.

"அப்ப கரையிலை நிண்டு எண்ணுறன்."