மயக்க ஊசி போட ஆள் வரவில்லை

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் இன்று என் மனைவிக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்திருக்க வேண்டும். இரண்டாம் தடவையாக நடக்கவில்லை.

நேற்று இரவிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மதியம் நர்ஸ் வந்து, "மயக்க டாக்டரு ராஜபாளையத்துல ஒரு பிரசவ கேஸ்ல மாட்டிக்கிட்டாரு சார். இன்னைக்கு வர ஏலாதாம். அம்மாவுக்கு இட்லி வாங்கிக் கொடுங்க" என்றார்.

இரண்டு ஊருக்கும் அவர் ஒருவர்தான். பிறக்கும் குழந்தையிடம் கோபித்துக்கொள்ள முடியுமா? ஆனால் கணக்கு ஆசிரியரே இல்லாத பள்ளியில் கணக்குப் பரீட்சைக்குத் தேதி குறிப்பது போலத்தான் இங்கே ஆபரேஷனுக்குக் குறிக்கிறார்கள்.

இட்லி வாங்கப் போன இடத்தில் என் பழைய மாணவி மும்தாஜ் பெட்டியோடு மதுரை பஸ்ஸுக்கு நின்றாள். வளைகுடா நாட்டு ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்கிற நர்ஸ். விடுமுறை முடிந்து கிளம்புகிறாள்.

"இங்கயே இருந்திடேன்மா."

"இங்க ஆஸ்பத்திரியில கேட்டுப் பாத்தேன் சார். அங்க டாக்டரு மேற்பார்வையில நான்தான் கொடுக்கேன். இங்க டாக்டருதான் கொடுக்கணுமாம், சட்டம். 'வார்டுல பிரஷர் பாக்கியா'ன்னு கேக்காவ."

பஸ் வந்தது. ஏறிவிட்டாள்.

மும்தாஜைப் பார்த்த கதையைச் சொன்னேன். இட்லியைப் பிட்டுக்கொண்டே மனைவி சொன்னாள்: "ஏங்க, அந்தப் பிள்ளை போற பிளேன்ல என்னையும் ஏத்தி விட்டிருக்கலாம்ல? அங்க போயாவது மயங்கிக்கிடுவேன்."

உங்கள் ஊரில் மயக்க மருந்து கொடுக்க ஆள் இருக்கிறாரா? அவருக்கு விசா வருவதற்குள் சொல்லுங்கள்.