குதிரை சுமந்த கிடாரம்

இரண்டாயிரத்தின் முதல் வருடங்களில் ஒரு குளிர்காலம். நாங்கள் நோர்வேயில், மோர்டென்ஸ்ருட்டில் இருந்தோம். மகளின் வகுப்பில், குதிரைகளில் சாமான் ஏற்றிப் பனிமலை தாண்டித் தங்கம் தேடிப் போனவர்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தார்கள். பாடத்தின் முடிவில் பிள்ளைகள் எல்லோரும் அவர்களைப் போலவே காட்டு ஏரிவரை பனியில் நடப்பதென்றும், சாமான் சுமக்க ஒரு குதிரையை வாடகைக்கு எடுப்பதென்றும் ஆசிரியை முடிவு செய்தார். குதிரையை நடத்திப்போவது யார் என்று சீட்டுக் குலுக்கியதில் என் மகளின் பெயர் வந்தது. இரண்டு கிழமையாக வீட்டில் வேறு கதையே இல்லை.

சாமான் ஏற்றும் டுக்னாட் எனக்கு விழுந்தது. பெற்றோர் சம்பளமில்லாமல் சேர்ந்து செய்யும் வேலைக்கு நோர்வேயில் அதுதான் பெயர். ஆசிரியை தந்த பட்டியலில் போர்வை, தேநீர்க் கேத்தல், சொசேஜ், பேக்கரிப் பாண். அவ்வளவுதான். இருபத்தைந்து பிள்ளைகள் பனிக்குள் நடந்து களைத்துவிட்டுப் பாணையா தின்பது? நாலு பேர் கூடும் இடத்துக்கு அளவாகச் சமைத்துக்கொண்டு போக எங்கள் ஆட்களுக்குத் தெரியாது. மனைவி விடியவே எழும்பி நூற்றைம்பது ரோல்ஸ் பொரித்தாள். நான் கடலை அவித்தேன். கோயில் அன்னதானத்துக்குச் சோறு ஆக்க எடுக்கும் பெரிய கிடாரத்தில் எல்லாவற்றையும் அடைத்துக் குதிரையின் ஒரு பக்கத்தில் கட்டினேன்.

"அப்பா, கனக்க ஏத்தாதேங்கோ. பாடத்திலை வந்த அந்தக் குதிரையள் பாரம் தாங்கேலாமல்தான் வழியிலை செத்தது" என்றாள் மகள்.

"நீ கயித்தைப் பிடி. பாரத்தை நான் பாக்கிறன்" என்றேன். பெரிய ஆள் நான்.

முதல் ஏற்றத்திலேயே குதிரை நின்றுவிட்டது. கிடாரம் இழுத்த இழுவையில் சேணம் சரிந்து வயிற்றுக்குக் கீழே போயிருந்தது. குதிரையோடு கூட வந்திருந்த குதிரைக்காரப் பெண் வாரைக் கழற்றிப் பார்த்தாள். தோல் உரிந்து சிவந்திருந்தது. அவள் ஏசியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மகளின் கையிலிருந்த கயிற்றை வாங்கிக்கொண்டு குதிரையைத் திருப்பிக் கொண்டுபோய்விட்டாள். பள்ளிக்கூட வேலி அப்போதும் கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருந்தது.

மிச்ச வழி முழுக்கப் பிளாஸ்டிக் சறுக்குவண்டியில் கிடாரத்தை வைத்து நானே இழுத்தேன். மகள் முன்னால் போனாள், திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. முதலில் குதிரையில், பிறகு ஆசிரியையில், பிறகு அந்தப் பாணில். என்மேல் கோபம் வருவதற்குள் ஏரி வந்துவிட்டது. பிள்ளைகள் சொசேஜைச் சுட்டுச் சந்தோஷமாகத் தின்றார்கள். ரோல்ஸ் குளிரில் கல்லாகிக் கிடந்தது.

அடுத்த கிழமை பெற்றோர் கூட்டம். பிள்ளைகள் எழுதிய தாள்களை வகுப்புச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். குதிரையின் பாரத்தைக் குறைக்க எதை விட்டுவிட்டுப் போவாய் என்பது கேள்வி. ஒருவன் கேத்தல் என்று எழுதியிருந்தான், இன்னொருத்தி மண்வெட்டி என்று. மகளின் தாளைத் தேடிக் கண்டுபிடித்தேன். ஒரே ஒரு சொல்தான் எழுதியிருந்தாள்.

அப்பா.