காய் வேகவைத்த தண்ணீர்

சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் சேர்ந்தே இருக்கிற ஒருவருக்குச் சமைப்பது, பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு சம்பந்திகளை ஒரே பந்தியில் உட்காரவைத்துப் பரிமாறுவது மாதிரி. இவருக்கு ஆகிறது அவருக்கு ஆகாது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால் என் கலக்கம் புரியும். ஜனக்புரியில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பன்னிரண்டு வருஷமாகச் சமைக்கிறேன். சர்க்கார் ஆபீஸில் ஓய்வு பெற்ற சார், நான் அம்மா என்று கூப்பிடும் அவர் மனைவி, இரண்டே பேர்தான்.

ஆட்சி மாற்றம்

போன மழைக்காலத்தில் சாருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிட்டது. ஒரு மாதம் சாப்பாட்டிலேயே இறக்கப் பாருங்கள், இறங்காவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதுதான் என்றார் டாக்டர். சாருக்கு ஆஸ்பத்திரி என்றாலே நடுக்கம். எனக்கோ அன்றிலிருந்து எந்தக் காயைத் தொட்டாலும் நடுக்கம்.

சர்க்கரைக்காக வருஷக்கணக்கில் நான் கிண்டிய கேழ்வரகுக் களி, ஆய்ந்த கீரை எல்லாவற்றிலும் பொட்டாசியமாம், இனி வேண்டாமாம். அளவாக வெள்ளைச் சோறு சாப்பிடலாமாம். டயட்டீஷியன் பெண் ஹிந்தியில் சொன்னதைத் தமிழில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். நான் ஐந்தாவதோடு நின்றவள், எழுத்துப் பிழை நிறைய இருந்திருக்கும். சார் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். பிழையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"இவ்வளவு நாள் எதிர்க்கட்சியா இருந்த வெள்ளைச் சோறு ஆட்சிக்கு வந்துடுச்சு, செல்வி. நான் டில்லிக்காரன், பழகிக்குவேன்."

வாழைத்தண்டு

மோதி பாக்கிலிருந்து சாரின் தங்கை வந்தார். கையில் பெரிய வாழைத்தண்டு. எங்கேயோ தேடிப் பிடித்து, மெட்ரோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம். கிட்னிக்கு இதைவிட மருந்தே இல்லை என்றார். சாருக்கு வந்திருப்பது கல் இல்லை, இதிலும் பொட்டாசியம் உண்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஃபிரிட்ஜில் ஒட்டிய காகிதத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். சார் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அத்தனையையும் பொரியல் பண்ணி அவளுக்கே போடு. அவ கிட்னியும் நல்லா இருக்கணுமில்ல?"

ரசம்

காயைத் தோல் சீவி, பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடிக்க வேண்டும் என்பது முக்கியமான பாடம். ஒரு நாளும் தவறாமல் செய்தேன். சாரும் ரசத்தை டம்ளரில் வாங்கி வாங்கிக் குடித்தார், இந்த ருசி முன்பு இருந்ததில்லை என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பதினைந்தாம் நாள் பரிசோதனையில் பொட்டாசியம் இறங்கவில்லை, இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது. அம்மா என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். இரண்டு வாரம்தான் பாக்கி. டயட்டீஷியன் என்னை நேரில் வரச் சொன்னாள். நறுக்கியது முதல் ஒவ்வொன்றாகக் கேட்டாள். வடித்த தண்ணீரை என்ன செய்தீர்கள் என்றாள். சத்தெல்லாம் அதில்தானே இருக்கிறது, கீழே கொட்ட மனசு வருமா, ரசத்துக்கு ஊற்றினேன் என்றேன். அவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். பிறகு சிரித்துவிட்டாள். அவள் ஹிந்தியில் சொன்னது இதுதான்:

"ஆன்ட்டிஜி, காயிலேர்ந்து துரத்தினதை டம்ளர்ல ஊத்தி மறுபடி உள்ளே அனுப்பிட்டீங்களே."

கடைசி ரிப்போர்ட்

அதன் பிறகு அந்தத் தண்ணீரை முகத்தைத் திருப்பிக்கொண்டு தொட்டியில் கொட்டினேன். கோஸ், சுரைக்காய், புடலங்காய் என்று மாற்றி மாற்றிச் செய்தேன். உப்பைக் குறைத்து, மிளகும் பெருங்காயமும் கறிவேப்பிலையும் போட்டுத் தாளித்ததில் வெந்த கோஸுக்கும் ஒரு களை வந்தது. ஒரு நாள் அம்மா தன் கத்தரிக்காய்க் குழம்பை ஒதுக்கிவிட்டு, சாரின் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிட்டார். ஆனால் பேசவில்லை.

மாதம் முடிந்து ரிப்போர்ட் வந்த அன்று நான் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. அம்மாதான் உள்ளே வந்தார். இறங்கிவிட்டதாம், ஆஸ்பத்திரி வேண்டாமாம். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், நானும் அழுதேன். வெறும் தண்ணீரில் வைத்த ரசம் அரை டம்ளர் தரலாம் என்று டயட்டீஷியன் அனுமதி கொடுத்திருந்தாள். புளி பெயருக்குத்தான். சார் ஒரு வாய் குடித்து, கண்ணை மூடி யோசித்தார்.

"இது வெந்நீர்தான், செல்வி. ஆனா ஆஸ்பத்திரி வெந்நீர் இல்ல, நம்ம வீட்டு வெந்நீர். இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?"

பன்னிரண்டு வருஷம் விதவிதமாகச் சமைத்து வாங்காத நல்ல பேரை, காய் வேகவைத்த தண்ணீரைக் கீழே கொட்டி வாங்கினவள் இந்த டில்லியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.