ஆட்டோவில் போகும் என் குரல்

எங்கள் பக்கத்தில், மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி போகும் சாலையை ஒட்டிய ஊர்களில், யார் செத்தாலும் அதைச் சொல்வது என் குரல்தான். எனக்குத் தொழில் உரக்கடை. குரல் மட்டும் நல்ல கனம். மைக்செட் வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டாரே என்று பல வருடங்களுக்கு முன்னால் பேசிப் பதிவு செய்து கொடுத்தேன். "ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்" என்று ஆரம்பம். "அன்னாரின் இறுதி ஊர்வலம் அவரது இல்லத்திலிருந்து புறப்படும்" என்று முடிவு. நடுவில் பெயருக்கும் ஊருக்கும் இடம். யாராவது இறந்தால் அந்தப் பெயரை மட்டும் போய்ச் சொல்லிவிட்டு வருவேன். அவர் அதை நடுவில் ஒட்டி, ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டி அனுப்புவார். கல்யாணத்துக்குப் பேச ஒருவனும் என்னைக் கூப்பிட்டதில்லை.

அந்தக் குரல் ஒருநாள் கரகரக்கத் தொடங்கியது. பனி, தூசி, உரமூட்டை வாடை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லி ஒரு வருடத்தை ஓட்டினேன். கடைசியில் தஞ்சாவூர் டாக்டர் மூக்கு வழியே கேமராவை விட்டு, என் குரல்வளையை எனக்கே திரையில் காட்டினார். ஈரமான சிவந்த குழி. அதற்குள் வெள்ளையாக இரண்டு மடிப்புகள். மூச்சு இழுத்தபோது விலகின. "ஈன்னு சொல்லுங்க" என்றார். சொன்னேன். இரண்டும் நெருங்கி வந்து துடித்தன. ஒன்றின் மேல் கட்டி உட்கார்ந்திருந்ததால் முழுதாகச் சேரவில்லை. இத்தனை காலம் என் பெயரில் பேசியது இதுதானா என்று இன்னொரு தடவை "ஈ" சொல்லிப் பார்த்தேன்.

நுரையீரலிலிருந்து ஏறிவரும் காற்று அந்த மடிப்புகளை நொடிக்கு நூறு தடவைக்கு மேல் அதிர வைக்கிறதாம். அங்கே பிறப்பது வெறும் ரீங்காரம், நாதஸ்வரத்தின் முனையில் செருகும் சீவாளியைத் தனியே ஊதினால் வருமே, அது மாதிரி. தொண்டையும் வாயும் மூக்கும் அதற்குக் கனம் கொடுக்கின்றன. நாக்கும் உதடும் அதைச் சொல்லாக்குகின்றன. கட்டி குருத்தெலும்பு வரை இறங்கிவிட்டது, குரல்வளையையே எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார் டாக்டர்.

எடுத்தார்கள். இப்போது கழுத்தில் போட்ட துளை வழியாக மூச்சு விடுகிறேன். நாக்கு, பல், உதடு எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. காற்றுதான் அந்தப் பக்கம் வருவதில்லை. கழுத்தில் வைத்துப் பேசும் கருவி ஒன்று கொடுத்தார்கள். அதன் இயந்திரக் குரலில் பேசிக் காட்டியதும் என் மனைவி அடுப்படிக்குப் போய்விட்டாள். அதன் பிறகு அதை நான் எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்த சில நாளில், ஒரு காலை, இருவரும் வாசலில் உட்கார்ந்திருந்தோம். நடவு முடிந்த வயல்களுக்கு அப்பாலிருந்து ஆட்டோ வந்தது. "ஆழ்ந்த வருத்தத்துடன்..." என் குரல். கரகரப்பில்லாத பழைய குரல். பெயர் வரும் இடத்தில் யாரோ ஒருவனின் கீச்சுக்குரல் நுழைந்து, சொல்லிவிட்டு விலகியது. மறுபடி நான். என் உதடுகள் தாமாக அசைந்து கூடவே சொல்லிக்கொண்டிருந்தன. மனைவி என் வாயைப் பார்த்தாள், சாலையைப் பார்த்தாள். செத்தவன் நான்தானோ என்று ஒரு கணம் எனக்கே தோன்றிவிட்டது.

மைக்செட்காரரை வரவழைத்து, "அதை அழி" என்று போனில் டைப் அடித்து முகத்துக்கு நேரே நீட்டினேன். கத்த முடியாதவனின் கோபம் இருக்கிறதே, அது பொல்லாதது.

"நீங்க சொன்னா இப்பவே அழிச்சிடுறேண்ணே" என்றார் அவர்.

மனைவி குறுக்கே வந்தாள். "அழிக்காதீங்க தம்பி. எங்க போன்ல இருக்குறதெல்லாம் கடைசி வருஷத்துக் கரகரப்புதான். நல்லா இருந்தப்பப் பேசுனது இது ஒண்ணுதான் இருக்கு."

"அப்ப உங்க போன்ல ஏத்திக் குடுத்துடுறேன் அண்ணி."

"போன்ல வேண்டாம்" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "ரோட்டுல வர்றப்ப, நீங்க கடையிலேர்ந்து வர்ற மாதிரியே இருக்குங்க."

"அதை அழி" என்று அடித்திருந்ததை நானே அழித்தேன்.

இப்போதெல்லாம் ஆட்டோ சத்தம் கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டு வாசல் கேட்டுக்கு ஓடுகிறாள். பெயர் வரும் இடத்தில் முகத்தைச் சுளிக்கிறாள். போனது யார் என்றுகூடக் கேட்பதில்லை. சத்தம் வாய்க்கால் பாலத்தைத் தாண்டி மறையும்வரை அசையாமல் நிற்கிறாள். அவளை அப்படிப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது.

போன மாதம் கொஞ்ச நாளாக ஆட்டோ வரவே இல்லை. காபி தம்ளரோடு கேட்டருகே நின்றவள் சாலையைப் பார்த்தபடியே கேட்டாள்: "என்னங்க, இந்த வாரம் யாருமே போகலையா?"

கேட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதட்ட எனக்குக் குரல் இல்லை. இருந்திருந்தாலும் அதட்டியிருக்க மாட்டேன். நானும் சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.