முகம் மட்டும் சிரித்தது

என் நோயின் முதல் அறிகுறி சிரிப்பு. மலாயாவில், செர்டாங் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் தலைக்கட்டோடு படுத்திருந்தேன். பக்கத்துக் கட்டில்காரர் வயிற்றுப்போக்கில் இறந்துபோனார். அவரைச் சாக்கில் சுற்றித் தூக்கியபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவருடைய மகள் என் கட்டில் மேல் காறித் துப்பிவிட்டுப் போனாள்.

தலையில் அடிபட்டவரோ பக்கவாதம் வந்தவரோ உங்கள் வீட்டில் இருந்து, அவர் இப்படிச் சம்பந்தமில்லாமல் சிரித்தால், அடிக்கக் கை ஓங்குமுன் இதைப் படித்துவிடுங்கள்.

ஜப்பான்காரன் வந்த புதிது. பாலத்தடியில் காவல் நிற்பவனுக்கு முன்னால் இடுப்பை வளைத்துக் குனிய வேண்டும் என்று பெரட்டில் (விடிகாலையில் ஆள் கணக்கு எடுக்கும் இடம்) பலமுறை சொல்லியிருந்தார்கள். பழக்கம் யாரை விட்டது? வெள்ளைக்காரத் துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி, தலைத்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கும்பிடு போடும் உடம்பு இது. அன்றும் அதையே செய்தது. குனியாத முதுகு மட்டும்தான் அவன் கண்ணில் பட்டது. துப்பாக்கிக் கட்டை மண்டையில் இறங்கியது. துண்டு தலையில் இருந்திருந்தால் கொஞ்சமாவது தாங்கியிருக்கும். மரியாதைக்காக அதையும் எடுத்துத் தொலைத்திருந்தேன்.

தோட்டத்தில் டாக்டர் கிடையாது. டிரஸ்சர்தான் (மருந்து கொடுத்துக் கட்டுப்போடுபவர்) எல்லாம். யாழ்ப்பாணத்துக்காரர்.

"சிரிப்பு வரேக்க உமக்குச் சந்தோசமா இருக்கோ?" என்று கேட்டார்.

"இல்லீங்கய்யா. அழணும்போல இருக்கு. வாய் மட்டும் கேக்க மாட்டேங்குது."

"எனக்கும் இது விளங்கேல்லைத் தம்பி. ஆனா ஜப்பான்காரனுக்கு முன்னால மட்டும் சிரிச்சுப் போடாதேயும்."

சொல்வது சுலபம். தும்மலை அடக்கலாம், இதை அடக்க முடியாது. பயந்தால் வரும், பசித்தால் வரும், யாராவது அழுதால் கட்டாயம் வரும். லயத்துக்காரர்கள் (கூலிகளின் வரிசை வீடுகளில் இருந்தவர்கள்) முனி பிடித்துவிட்டது என்று வேப்பிலையால் விளாசினார்கள். அதற்கும் சிரித்தேன். முனிக்கு இன்னும் கொழுப்பு அடங்கவில்லை என்று இன்னும் நான்கு விளாசு கிடைத்தது.

என் மனைவி அஞ்சலை மட்டும்தான் ஒரு வழி கண்டுபிடித்தாள். சிரிப்பு வந்ததும் என் உள்ளங்கையைப் பிடித்துப் பார்ப்பாள். "கை சில்லுன்னு இருக்கு. இவரு சிரிக்கல, விடுங்கலா" என்று எல்லாரையும் விரட்டுவாள். அந்த ஒரு பிடியில்தான் நான் மனிதனாக இருந்தேன்.

பிறகு சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்க வந்தார்கள். முன்பு போனவர்கள் யாரும் திரும்பியிருக்கவில்லை. வீட்டுக்கு ஒரு ஆம்பிளை என்று உத்தரவு. எங்கள் வீட்டில் இரண்டு பேர்: நான், அஞ்சலையின் தம்பி வீரையா. தாய் தகப்பன் இல்லாதவன். அஞ்சலைதான் அவனை வளர்த்து ஆளாக்கியிருந்தாள்.

பெரட்டில் கிராணி (தோட்டத்துக் கணக்கர்) என் பெயரைக் கூப்பிட்டார். நான் போக முடிவு செய்துதான் நின்றேன். இது சத்தியம். ஓர் அடி எடுத்து வைத்தேன், வந்துவிட்டது. சிப்பாயின் முகத்துக்கு நேராகக் கெக்கெக்கே என்று சிரித்தேன். அறைந்தான். இன்னும் பலமாகச் சிரித்தேன். அவன் கை வாளுக்குப் போனது.

கிராணி பதறி நடுவில் வந்து தன் நெற்றிப்பொட்டைத் தட்டிக் காட்டினார். "கீலா! கீலா!" (மலாயில் பைத்தியம் என்று பொருள்.) சிப்பாய் என்னை உதைத்து ஓரம் தள்ளினான்.

"இந்த வீட்டுல வேற யாருடா?" என்றார் கிராணி.

வீரையா தானாகவே முன்னால் வந்தான். லோரியில் ஏறுமுன் என்னைப் பார்த்து, "அக்காவப் பாத்துக்குங்க மாமா" என்றான்.

நான் சிரித்தேன். லோரி கிளம்பியது, சிரித்தேன். அஞ்சலை தலைவிரி கோலமாகப் பின்னால் ஓடினாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். உள்ளே என் ஈரல் அறுந்து விழுந்துகொண்டிருந்தது. லோரி மறையும்வரை வீரையா என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று முதல் தோட்டத்தில் என் பெயர் 'சிரிச்சுத் தப்பிச்சவன்'. அஞ்சலை சோறு போட்டாள், மரவள்ளிக்கிழங்கு அவித்துத் தந்தாள். கையை மட்டும் அதன் பிறகு தொடவில்லை.

ஜப்பான்காரன் போவதற்குள் சிரிப்பு மெல்ல மெல்லக் குறைந்து நின்றே போனது. வைத்தியம் ஒன்றும் இல்லை. அது நின்றபின் சயாமிலிருந்து ஒருவன் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தான். வீரையா காலராவில் போய்விட்டதைச் சொன்னான். அதோடு விட்டிருக்கலாம்.

"மாமா என்னத்துக்குச் சிரிச்சாருன்னு கேட்டுக்கிட்டே இருந்தாண்ணே. சாகுற அன்னிக்கும் கேட்டான்."

எனக்கு அழுகை வந்தது. முறையான அழுகை, கண்ணீரும் சளியுமாக. அஞ்சலை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பல வருடம் கழித்து அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் பொறுமையாக விளக்கினார். மனசு துக்கப்படும் இடம் ஒன்று, முகத்தைச் சிரிக்கவும் அழவும் வைக்கும் இடம் இன்னொன்று. இரண்டும் மூளைக்குள்தான். இரண்டாவதை இழுத்துப் பிடிக்க, கடிவாளம் மாதிரி நரம்புகள் (மூளையின் கட்டளையைக் கொண்டுபோகும் இழைகள்) உண்டு. துப்பாக்கிக் கட்டை அறுத்தது அந்தக் கடிவாளத்தை. "உங்கள் துக்கம் முழுசாகத்தான் இருந்திருக்கும், அய்யா. அது வேறு வாசலில் வெளியே வந்துவிட்டது" என்றார்.

ஒரு டாக்டரே சொல்லிவிட்டார்! பஸ்ஸில் வரும்போதே அதை மனப்பாடம் செய்துகொண்டு வந்து அஞ்சலையிடம் ஒப்பித்தேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டே முழுக்கக் கேட்டாள்.

"இத எனக்கு எதுக்குச் சொல்றீங்க? ஒங்க கை சில்லுன்னு இருந்திருக்கும்னு எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றாள். "அவனுக்கு யாரு சொல்றது?"



எனக்கு நோய் குணமாகிவிட்டது. ஆனாலும் யாராவது நகைச்சுவை சொன்னால் முதலில் கையால் வாயைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சிரிக்கிறேன். எனக்குத் தலை நரைத்துவிட்டது. வீரையா மட்டும் அதே வயதில் அந்த லோரியில் நின்றுகொண்டு, நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்துக்கொண்டிருக்கிறான். காலையில் முகம் கழுவும்போது, "சரிப்பா, அக்காவப் பாத்துக்கிறேன்" என்று சொல்லிப் பார்க்கிறேன். இப்போது வாய் சொன்னபடி கேட்கிறது.