அண்ணன் பிடித்த ரிவிட்

தன் மகனுக்குக் காது கேட்காது என்பது எங்கள் நைனாவுக்குத் தெரியவே மூன்று நான்கு வருஷம் பிடித்தது. அதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஓர் இரும்புப் பட்டறையில் அவருக்கு ரிவிட் அடிக்கிற வேலை. துறைமுகத்துக்கான சரக்குப் படகுகளும் எண்ணெய்த் தொட்டிகளும் அங்கே தயாராகும். இரண்டு தகடுகளைச் சேர்த்து வைத்து, ஓட்டையில் ரிவிட் என்கிற பழுக்கக் காய்ச்சிய இரும்பு ஆணியைச் செருகி, காற்றுச் சுத்தியால் அதன் தலையை நசுக்க வேண்டும். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் விளங்காது. அதனால் அங்கே எல்லோரும் கையாலும் உதட்டாலும் பேசப் பழகியிருந்தார்கள்.

நைனா அந்தப் பழக்கத்தோடேயே காலடிப்பேட்டையில் இருந்த எங்கள் வீட்டுக்குள் நுழைவார். தண்ணீர் வேண்டுமென்றால் கட்டைவிரலை உதட்டில் வைப்பார். போதும் என்றால் உள்ளங்கையால் காற்றைத் துடைப்பார். குழந்தையாக இருந்த அண்ணனோடும் அப்படித்தான் பேசினார். அண்ணனும் பார்த்துச் சிரித்தான், கையை ஆட்டினான், நடக்கத் தொடங்கியதும் கேட்டதை எடுத்து வந்து கொடுத்தான். இதற்கு மேல் ஒரு தகப்பனுக்கு என்ன வேண்டும்?

அம்மாவுக்குத்தான் முதலில் சந்தேகம் வந்தது. அம்மா நைனாவின் அக்கா மகள். கல்யாணத்துக்குப் பிறகும் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

"மாமா, புள்ள கூப்ட்டா திரும்ப மாட்டேன்றான்."

"நான் மட்டும் இன்னா திரும்பிக்கினா கீறேன்?" என்றாராம் நைனா.

பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, பிறவியிலேயே கேட்காது, இதற்கு மருந்து இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். டாக்டர்கள் சொல்லாத காரணத்தைச் சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அண்ணனை வயிற்றில் வைத்துக்கொண்டு அம்மா தினமும் பட்டறை வாசலுக்குச் சாப்பாடு கொண்டுபோனாள் அல்லவா, அந்தச் சுத்திச் சத்தம்தான் உள்ளே இறங்கிப் பிள்ளையின் காதை அடைத்துவிட்டதாம். அம்மா அதை நம்பினாள். அதன் பிறகு பல வருஷம் அவள் பட்டறைப் பக்கமே போகவில்லை. நைனாவின் கேரியரைப் பக்கத்து வீட்டு அக்கா எடுத்துப் போனாள். நான் வளர்ந்ததும் அது என் வேலையாயிற்று.

எனக்கென்று ஒரு கணக்கு இருந்தது. பட்டறை நைனாவின் காதில் பாதியை வாங்கிக்கொண்டது. அது அவரிடமிருந்து அண்ணனுக்கு முழுசாக இறங்கியது. அடுத்த பிள்ளை நான், ஆகவே அடுத்தது என் முறை. காலையில் கண் விழித்ததும் தெருக்குழாயடியில் பெண்கள் சண்டை போடுவது கேட்கிறதா என்று படுத்தபடியே பார்ப்பேன். கேட்டால் அன்றைக்குப் பிழைத்தேன். நல்ல வேளையாக எங்கள் தெருவில் அந்தச் சண்டை இல்லாத நாளே கிடையாது.

இதெல்லாம் எவ்வளவு தப்பு என்பது என் மகள் முதல் பிள்ளை உண்டாகியிருந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அண்ணன் விஷயத்தை மறைக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் பொறுமைசாலி. ஒரு தாளில் நத்தை ஓடு போலச் சுருட்டி வரைந்தார். காதின் உள்ளே இப்படி ஓர் இடம் இருக்கிறது, அதில் நீர் நிரம்பியிருக்கிறது, அதற்குள் மெல்லிய மயிர் முளைத்த செல்கள் வரிசையாக நிற்கின்றன என்றார். சத்தம் வந்தால் நீர் அசையும், மயிர் சாயும், ஒரு வகை உப்பு அந்தச் செல்லுக்குள் பாயும், உடனே அது நரம்புக்குச் சேதி சொல்லும். சொன்னதோடு முடியாது. வந்த உப்பை அது வெளியே தள்ள வேண்டும். பக்கத்தில் இருக்கும் செல்கள் அதை வாங்கி, தங்களுக்கு நடுவில் இருக்கும் சின்னச் சின்ன வாசல்கள் வழியாக ஒன்றிடமிருந்து ஒன்றுக்குக் கடத்தி, புறப்பட்ட இடத்துக்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அப்போதுதான் அடுத்த சத்தம் கேட்கும்.

பட்டறைச் சத்தம் மயிர் செல்களையே சாகடித்துவிடும், செத்தது திரும்ப முளைக்காது, நைனாவுக்கு வந்தது அது, அது பிள்ளைகளுக்கு இறங்காது என்றார். அண்ணனுடையது வேறாக இருக்கும் என்றார். பிறகு அண்ணனின் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்து அதையே உறுதியாகச் சொன்னார்கள். அவன் காதில் அந்த வாசல்கள் சரியாக அமையவில்லை. உப்பை வாங்கிக் கொடுக்கப் பக்கத்தில் ஆட்கள் இருந்தும் கை மாற வழியில்லை. தாயும் தகப்பனும் ரத்த உறவா என்று கேட்டார் டாக்டரம்மா. ஆமாம் என்றேன்.

அம்மா அப்போது உயிரோடு இருந்தாள். வீட்டுக்கு வந்து எனக்குப் புரிந்தவரையில் சொன்னேன். அப்போ அந்தச் சுத்திச் சத்தம் இல்லையா என்று இரண்டு தடவை கேட்டாள். இல்லை, உன்னிடம் அந்தக் குறை பாதி இருந்திருக்கிறது, நைனாவிடம் பாதி, இரண்டும் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்றேன். சுவரில் மாலையோடு இருந்த நைனாவின் படத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"பாதி உன்னுதாம் மாமா" என்றாள்.

டாக்டரம்மா விளக்கியபோதே எனக்கு நைனாவோடு சேர்ந்து வேலை செய்த செட்டுதான் கண்ணில் வந்து நின்றது. ரிவிட் வேலை ஒருவரால் ஆகிற வேலை இல்லை. தண்டையார்ப்பேட்டையிலிருந்து வரும் பாய் ஒருவர் உலையில் ரிவிட்டைப் பழுக்க வைத்து, இடுக்கியால் எடுத்து வீசுவார். அதைத் தகர டப்பாவில் ஏந்திப் பிடித்து ஓட்டையில் செருகுவதற்கு ஓர் ஆள். தகட்டின் அந்தப் பக்கம் கனத்த இரும்பை முட்டுக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு ஒருவர். இந்தப் பக்கம் சுத்தியோடு நைனா. சூடு ஆறுவதற்குள் எல்லாம் நடந்தாக வேண்டும். ஒரு கையில் நின்றுபோனால் எல்லாக் கையும் நின்றுவிடும்.

அண்ணனுக்கு மீசை அரும்பிய வருஷம், செட்டில் ரிவிட் பிடிக்கிறவர் வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊருக்குப் போய்விட்டார். அதற்குள் அண்ணனை இரண்டு மூன்று இடங்களில் சேர்த்து, இரண்டு மூன்று இடங்களிலிருந்தும் திருப்பி அனுப்பியிருந்தார்கள். டீக்கடையில் சொன்னது ஒன்று, அவன் கொண்டுவந்தது ஒன்று. கடைசியில், மாதவரத்தில் எருமை வைத்திருந்த ஒரு மாமா, சோறு போட்டு வைத்துக்கொள்கிறேன், அனுப்புங்கள் என்றார். கொட்டகையிலேயே படுத்துக்கொள்ளலாம், மாட்டுக்குக் காது கேட்டால் போதும் என்று சொல்லிச் சிரித்தார். அம்மா அண்ணனின் துணிகளைத் துவைத்து மடித்துவிட்டாள். அந்த நேரத்தில்தான் நைனா போர்மேனிடம் போய், பிடிக்கிற வேலைக்கு என் மகனை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார்.

போர்மேன் கெட்டவர் இல்லை. பயந்தவர்.

"செவுட்டுப் பையன உள்ள வுட்டு நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நான்தான்யா ஜெயிலுக்குப் போவணும்" என்றார்.

நைனா விடவில்லை. பாயும் முட்டுக் கொடுப்பவரும் கூட வந்து நின்றார்கள். கடைசியில் ஒரு சனிக்கிழமை ஒரே ஒரு முறை பார்க்கலாம் என்று போர்மேன் இறங்கி வந்தார். தேறாவிட்டால் மறுபடி இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

அன்றைக்குக் கேரியரை அம்மாவே எடுத்துக்கொண்டாள். நானும் கூடப் போனேன். பட்டறை நெருங்க நெருங்க அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். வாசல் கம்பிக் கதவு வழியாகப் பார்த்தால் முற்றத்தில் பாதி முடிந்த சரக்குப் படகு தெரியும். அதன் பக்கவாட்டில் சாரம் கட்டி நைனா நின்றார். அவருக்குப் பக்கத்தில் டப்பாவோடு அண்ணன். கொஞ்ச தூரத்தில் தரையில் உலையோடு பாய் நின்றார். போர்மேன் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார்.

பாய் முதல் ரிவிட்டை எடுத்தார். இடுக்கியை உலை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வீசினார். அண்ணன் அப்போது ஓட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். ரிவிட் அவன் முழங்காலை உரசுவது போலப் போய்ச் சாரத்தில் பட்டுத் தரையில் விழுந்து புகைந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் நின்ற பட்டறை வாட்ச்மேன், "போச்சுடா" என்றார்.

பழைய ஆள், சுத்தி நிற்கிற இடைவெளியில், அந்தத் தட்டுகிற சத்தத்தை வைத்துத்தான் திரும்புவார். பாய்க்கு அது கை தானாகச் செய்கிற வேலை. போர்மேன் கட்டிய கையைப் பிரித்து, போதும் நிறுத்து என்பது போல முன்னால் வந்தார்.

அண்ணன் அவரைப் பார்க்கவில்லை. பாயைப் பார்த்தான். இடுக்கி பிடிப்பது போல விரலை வைத்து, கையைத் தலைக்கு மேலே தூக்கி, ஒரு கணம் நிறுத்தி, அப்புறம் வீசிக் காட்டினான். பிறகு தன் கண்ணைத் தொட்டுக் காட்டினான். தூக்கு, நான் பார்க்கிறேன், அப்புறம் போடு என்று அர்த்தம். இவன் எனக்குச் சொல்லித் தருகிறானா என்பது போல பாய் இடுப்பில் கை வைத்து நின்றார். பிறகு தாடியோடு சேர்த்துச் சிரித்தார். அடுத்த ரிவிட்டை எடுத்தார். தட்டவில்லை. தலைக்கு மேலே தூக்கி நிறுத்தினார்.

பட்டப்பகலிலும் அது செக்கச்செவேலென்று வளைந்து பறந்தது. அண்ணன் டப்பாவை நீட்டவில்லை, கொஞ்சம் கீழே தாழ்த்தினான், அவ்வளவுதான். அது தானாக வந்து உள்ளே விழுந்தது. குறடால் எடுத்தான், ஓர் உதறு உதறினான், செருகினான். நைனாவின் சுத்தி இறங்கியது. அதற்குள் அண்ணன் திரும்பிவிட்டான். பாய் கையைத் தூக்கிவிட்டார். அடுத்தது, அதற்கு அடுத்தது என்று ரிவிட்டுகள் பறந்துகொண்டே இருந்தன. வேறு செட்டுகளில் வேலை செய்தவர்கள்கூட நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்கள். அம்மா கண்ணைத் திறந்துவிட்டிருந்தாள்.

போர்மேனுக்கு இன்னும் மனசு ஆறவில்லை. ஆபத்து என்று பின்னாலிருந்து கத்தினால் இவன் என்ன செய்வான், அதைக் காட்டிவிட வேண்டும் என்று நினைத்திருப்பார். சுத்தி ஓடிக்கொண்டிருக்கும்போதே சாரத்துக்குப் பின்னால் போய், இரண்டு கையையும் வாயில் குவித்து, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். வாசலில் நின்ற எங்களுக்கே அது காதில் விழுந்தது. சாரத்தில் யாரும் திரும்பவில்லை. அண்ணன் மட்டும் இல்லை, நைனாவும் திரும்பவில்லை. தகட்டுக்கு மேலே தெரிந்த முட்டுக் கொடுத்தவர் தலையும் அசையவே இல்லை. போர்மேன் நைனாவின் பெயரைச் சொல்லிக் கத்தினார். எல்லோர் பெயரையும் சொல்லிக் கத்தினார். வாட்ச்மேன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

எதிரே இருந்த பாய்தான் அவரைப் பார்த்தார். முஷ்டியைத் தலையில் வைத்துக் காட்டினார். பட்டறையில் அதற்கு, போர்மேன் வந்திருக்கிறார் என்று அர்த்தம். நைனாவின் கண் சுத்தியில் இருந்தது. பாய் காட்டியதைக் கண்ணில் பிடித்தது அண்ணன் ஒருவன்தான். நைனாவின் தோளைத் தட்டிச் சுத்தியை நிறுத்தச் சொன்னான், திரும்பினான், என்ன வேண்டும் என்று போர்மேனைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான்.

சுத்தி நின்றதும் முற்றமே ஓய்ந்துபோயிற்று. இந்தப் பட்டறை எல்லோரிடமும் எடுத்துக்கொள்கிற காதை இவனிடம் எடுக்க முடியாது என்று போர்மேனுக்கும் தோன்றியிருக்க வேண்டும். கடைசியில் வலது முஷ்டியை இடது உள்ளங்கையில் வைத்து ஓர் அழுத்து அழுத்திக் காட்டினார்.

"இன்னாடி சொல்றாரு?" என்று அம்மா என்னை உலுக்கினாள்.

ரிவிட் நன்றாக இறுகிவிட்டால் அப்படித்தான் காட்டுவார்கள். அண்ணன் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தான்.

"இறுகிக்கிச்சாம்மா" என்றேன்.

அம்மா கேரியரைக் கீழே வைத்துவிட்டு அந்த வாசலிலேயே உட்கார்ந்தாள். அவள் வீட்டுக்குப் போன பிறகும் நான் மட்டும் சாயங்காலம் வரை அங்கேயே நின்றேன். யார் கூப்பிட்டும் வீட்டுக்குப் போகவில்லை.

மற்ற நாட்களில் சங்கு ஊதி வெளியே வந்ததும் நைனாவின் செட்டு தெரு அதிரப் பேசிக்கொண்டு வரும். பாய் சினிமாக் கதை சொல்வார், முட்டுக் கொடுப்பவர் அதை நம்பாமல் கத்துவார், நைனா இரண்டு பேரையும் திட்டுவார். இரண்டு தெரு தள்ளியிருப்பவர்களுக்கும் அது கேட்கும். அன்றைக்கு அவர்கள் அண்ணனை நடுவில் விட்டுக்கொண்டு காலடிப்பேட்டைக்குள் நுழைந்தபோது ஒரு சத்தமும் இல்லை. எட்டுக் கைகள் மட்டும் ஓயாமல் பேசின. பாய் ஏதோ காட்டினார். அண்ணன் நடுரோட்டில் நின்று, குலுங்கிக் குலுங்கிச் சிரித்து, பதிலுக்கு ஒன்று காட்டினான். நைனா பாயின் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தார். டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸைக் கையில் பிடித்தபடி பார்த்தார்கள்.

காலிக் கேரியரோடு நான் பின்னாலேயே ஓடினேன். எனக்குப் பாவமாக இருந்தது. பட்டறையை விட்டு இவ்வளவு தூரம் வந்த பிறகும் வாயைத் திறந்து பேச மறந்துவிட்டார்களே, இன்றைக்கு எல்லோருக்கும் அவ்வளவு களைப்பு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.